கோடு அசையாத இடங்கள்

ஒரு செஸ் ஆட்டத்தின் நகர்த்தல்களை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றி ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் இன்ஜினை ஓடவிட்டால், சற்று நேரத்தில் ஒரு வரைபடம் வந்து நிற்கிறது. இடமிருந்து வலமாக ஓடும் ஒற்றைக் கோடு. நடுவில் பூஜ்ஜியம், மேலே ஏறினால் வெள்ளையின் கை ஓங்குகிறது, கீழே இறங்கினால் கறுப்பின் கை. எல்லோருடைய கண்ணும் முதலில் போவது கோடு சரிந்த இடத்துக்குத்தான். அங்கேதான் சிவப்புக் கேள்விக்குறிகள் இருக்கும், தோற்ற காரணமும் அங்கேதான் கிடைக்கும் என்று பழகிவிட்டோம். எனக்கு ஏனோ அந்தச் சரிவுகள் பெரிய தொந்தரவு தருவதில்லை. பார்த்தால் வலிக்கும், புரியும், அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடலாம். நெடுநாளாக என்னை விடாமல் அரித்துக்கொண்டிருப்பவை கோடு அசையாமல் கிடக்கும் இடங்கள். பத்து நகர்த்தல், இருபது நகர்த்தல், சில சமயம் ஐம்பது நகர்த்தல் வரைக்கும் பூஜ்ஜியத்தின் மேல் படுத்தே கிடக்கும் கோடு. அந்த நேரத்தில் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு உள்ளங்கை வியர்த்திருக்கும். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் குடிக்காமலே மூடுவதுமாக இருந்திருப்பான். இனி தப்பவே முடியாது என்று பல தடவை மனத்துக்குள் முடிவுகட்டியிருப்பான். இங்கே ஒன்றும் நடக்கவில்லை என்கிறது கோடு. அது பொய் சொல்லவில்லை என்பதுதான் என் சங்கடம்.

யானையும் பிஷப்பும் ஒரு பக்கம், வெறும் யானை மறுபக்கம், சிப்பாய் ஒன்றுகூட மிச்சமில்லை. இந்த முடிவாட்டத்தை ஒருமுறையாவது தற்காத்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். சரியாகத் தற்காத்தால் பெரும்பாலான நிலைகள் டிராதான். ஆனால் கிராண்ட்மாஸ்டர்களே இதில் தோற்றிருக்கிறார்கள். காய் எதுவும் வெட்டுப்படாமல் ஐம்பது நகர்த்தல் தாக்குப்பிடித்தால்தான் டிரா கேட்க முடியும், அந்த ஐம்பதில் ஒன்று பிசகினாலும் போச்சு. எதிராளியின் பிஷப்பை அதன் ராஜாவுக்கு முன்னால் யானையால் கட்டிப்போடும் ஒரு தற்காப்பு முறை இருக்கிறது. ஜான் காக்ரேன் பெயரால் அதை அழைக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் கல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்து, மகேஷ் சந்திர பானர்ஜியோடு ஏராளமான ஆட்டங்கள் ஆடியவர் அவர். வார இறுதிப் போட்டி ஒன்றின் கடைசிச் சுற்றில், ஒரு கல்யாண மண்டபத்தில், அந்த முறையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மற்ற பலகைகளில் ஆட்டம் முடிந்து காய்களைப் பையில் கொட்டும் சத்தம். பக்கத்துக் கூடத்தில் இரும்பு நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவர் எங்கள் மேஜையருகே நின்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு நகர்த்தலுக்கு 30 விநாடி கூடும் கடிகாரம்; அதற்குள் பார்த்து, நகர்த்தி, கடிகாரத்தை அழுத்தி, தாளிலும் எழுதியாக வேண்டும். எதிராளியின் பிஷப் கட்டம் மாறும்போதெல்லாம் அதற்கு முன் கண்டுபிடித்து வைத்திருந்தது எல்லாம் செல்லாமல் போகும். கடைசியில் டிரா ஆயிற்று. வீட்டுக்கு வந்து கணினியில் ஏற்றினால் அந்த நேரம் முழுக்க ஒரே எண்: 0.00. ஐந்து காய்கள் மட்டும் மிஞ்சிய நிலைகளுக்கு முழு விடைப்பட்டியலும் எப்போதோ கணக்கிடப்பட்டுவிட்டது. பிற்பாடு அது ஏழு காய்கள் வரைக்கும் நீண்டது. அந்தப் பட்டியலுக்கு என் ஆட்டம் ஏற்கெனவே தீர்ந்துபோன விஷயம். எனக்கோ, பலகைக்கு முன்னால் நான் முழுசாக இருந்த நேரம் அது.

அந்த ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட் பத்திரமாக இருக்கிறது. நெடுநேர ஆட்டங்களில் நகர்த்தல்களை ஆட்டக்காரரே பதிவு செய்ய வேண்டும், அதுவும் நகர்த்திய பிறகுதான் செய்ய வேண்டும் என்பது சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி. முதல் பத்திப் பெட்டிகளில் எழுத்து சீராக நிற்கிறது. மிச்ச நேரத்தை ஓரத்தில் சின்ன எண்களில் குறிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஓரிடத்தில் அடுத்தடுத்த இரண்டு குறிப்புகளுக்கு நடுவே இருபது நிமிடத்துக்கு மேல் காணாமல் போயிருக்கிறது. அதற்குப் பிறகு எழுத்து வலப்பக்கம் சாயத் தொடங்குகிறது. பேனா அழுத்திய அழுத்தத்தில் அடியிலிருக்கும் கார்பன் நகல் மேலேயிருக்கும் அசலைவிடக் கறுப்பாக இருக்கிறது. ஒரு பெட்டியில் யானையின் கட்டத்தை எழுதி, அடித்து, மறுபடி அதே கட்டத்தையே எழுதியிருக்கிறேன். நகர்த்திவிட்ட காயை நகர்த்திவிட்டதாகவே நம்ப முடியாத ஒருவனின் கை அது. கணினியில் ஏற்றும்போது இவற்றில் ஒன்றும் கூட வருவதில்லை. எந்தக் காய் எந்தக் கட்டத்துக்குப் போனது என்று மட்டுமே அது கேட்கிறது. இணையத்தில் ஆடும் ஆட்டங்களில் செலவான நேரமும் பதிவாகிறது என்பது உண்மைதான். ஆனால் ஒருவன் இருபது நிமிடம் யோசித்தான் என்று தெரிவது வேறு, அந்த இருபது நிமிடமும் எதைப் பார்த்துப் பயந்தான் என்று தெரிவது வேறு.

அந்த எண்தான் என்ன சொல்கிறது? ஒரு சிப்பாயின் மதிப்பு ஒன்று என்று வைத்து, அதை நூறாகப் பிரித்து அளக்கிறது என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். +1.00 என்றால் வெள்ளை ஒரு சிப்பாய் அளவுக்கு முன்னால் நிற்கிறது. 2022இன் கடைசியில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1இல் அந்த அளவுகோலையே மாற்றினார்கள். அதன்பின் +1.00 என்றால் வெள்ளை வெல்வதற்கு ஐம்பது சதவீத வாய்ப்பு. யாரோடு யார் ஆடினால்? இன்ஜினும் இன்ஜினும் ஆடினால். இதைத் தெரிந்துகொண்டபோது என் சங்கடத்துக்கு ஓர் உருவம் கிடைத்த மாதிரி இருந்தது. என் நாற்காலியிலும் எதிர் நாற்காலியிலும் இரண்டு இன்ஜின்களை உட்காரவைத்தால் மிச்ச ஆட்டம் எப்படிப் போகும் என்பதைத்தான் அந்தக் கோடு ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சொல்லிக்கொண்டு போகிறது. அதில் நானும் இல்லை, எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவரும் இல்லை. முன்பெல்லாம் மதிப்பிடும் விதிகளை மனிதர்கள் எழுதினார்கள். ராஜாவின் பாதுகாப்புக்கு இவ்வளவு, தனித்து நிற்கும் சிப்பாய்க்கு இவ்வளவு கழிவு என்று. கேட்டால் இன்ஜின் அந்தக் கணக்கைப் பிரித்துக் காட்டும். ஜப்பானின் ஷோகி ஆட்டத்துக்காக யூ நாசு உருவாக்கிய நரம்பு வலைப்பின்னல் முறை 2020இல் ஸ்டாக்ஃபிஷுக்குள் வந்தது. 2023இல் கையால் எழுதிய விதிகள் முழுவதுமாக எடுக்கப்பட்டன. ஆட்டம் மேலும் வலுத்தது, ஆனால் ஏன் என்ற கேள்விக்கு மனித பாஷையில் கிடைத்துவந்த கொஞ்சநஞ்ச விடையும் போயிற்று. இந்த நகர்த்தல் ஏன் கூடாது என்று இன்று கேட்டால், விடையாக அது இன்னும் பதினைந்து நகர்த்தல்களைக் காட்டுகிறது.

இன்ஜினே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அது வருவதற்கு முன் ஆட்டங்களுக்கு எழுதப்பட்ட குறிப்புகளில் நிறையப் பொய் இருந்தது. வேண்டுமென்றே சொன்னது குறைவு. முடிவு தெரிந்தபின் கதை கட்டும் ஆசையில் வந்துசேர்ந்ததே அதிகம். வென்றவரின் ஒவ்வொரு நகர்த்தலும் ஒரு பெருந்திட்டத்தின் அங்கமாகிவிடும். தோற்றவர் தொடக்கத்திலிருந்தே தோற்றுக்கொண்டிருந்தவராகிவிடுவார். காஸ்பரோவ் தனக்கு முந்தைய சாம்பியன்களைப் பற்றி 2003இலிருந்து வரிசையாகத் தொகுதிகள் வெளியிட்டார். அவற்றுக்காக இன்ஜின் துணையோடு பழைய ஆட்டங்களை மறுபடி தோண்டியபோது, தலைமுறைகளாக நம்பிவந்த பல குறிப்புகள் நிற்கவில்லை. நல்ல ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் தன் ஆட்டங்களைத் தானே அலசி, அந்த அலசலை அச்சில் கொண்டுவந்து, மற்றவர்களின் கண்டனத்துக்கு முன்னால் வைக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர் மிகயில் போட்வின்னிக். மின்பொறியாளரான அவர், செஸ் ஆடும் கணினி நிரலை உருவாக்குவதில் பல ஆண்டுகளைச் செலவிட்டார். அவர் வேண்டியது தயவுதாட்சண்யம் பார்க்காத ஒரு வாசகர். அந்த வாசகர் இன்று காசு கேட்காமல் ஒவ்வொரு கைபேசியிலும் உட்கார்ந்திருக்கிறார். பயிற்சியாளர் யாரும் எட்டிப்பார்க்காத ஊரில் பள்ளிக்கூடத்துத் திண்ணையில் ஆடிய ஆட்டத்துக்கும் உலக சாம்பியனின் ஆட்டத்துக்கும் ஒரே நீதிபதி, ஒரே சட்டம். இந்தச் சமத்துவத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் போட்வின்னிக் சொன்ன வரிசை என்னை உறுத்துகிறது. முதலில் நீயே அலசு, பிறகு கண்டனத்தைக் கேள். நாம் அந்த முதல் பாதியைச் சத்தமில்லாமல் கைவிட்டுவிட்டோம்.

அந்த முதல் பாதியில் என்னதான் இருந்தது என்று யோசிக்கும்போதெல்லாம் அட்ரியான் டி குரோட் நினைவுக்கு வருகிறார். நெதர்லாந்து உளவியலாளர், தானும் நல்ல ஆட்டக்காரர். அலெகைன், யூவே, கெரெஸ் போன்ற ஜாம்பவான்கள் முன்னால் ஒரு நிலையை வைத்து, யோசிப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். சொன்னதை எழுதி வைத்தார். 1946இல் அது நூலாக வந்தது. ஜாம்பவான்கள் மற்றவர்களைவிட வெகு தொலைவுக்குக் கணக்குப் போடுகிறார்கள் என்ற எதிர்பார்ப்பை அது பொய்யாக்கியது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. அவர்கள் ஒரே நகர்த்தலுக்கு மறுபடி மறுபடி திரும்பி வருகிறார்கள். ஒன்றை ஒதுக்குகிறார்கள், வேறொன்றைப் பார்க்கிறார்கள், அங்கே கண்ட ஏதோ ஒன்று முதலில் ஒதுக்கியதற்குப் புது அர்த்தம் தர, அதற்கே திரும்புகிறார்கள். கிளைகளை ஒருமுறைக்கு மேல் பார்க்காமல் வரிசையாக முடிக்க வேண்டும் என்று பிற்காலத்தில் போதித்த அலெக்சாண்டர் கோட்டோவும் எல்லோருக்கும் தெரிந்த ஒரு நோயைப் பற்றி எழுதியிருக்கிறார். இரண்டு நகர்த்தல்களுக்கு நடுவே அரைமணி நேரம் அல்லாடுகிறோம். நேரம் போனது உறைக்கிறது. சட்டென்று இரண்டும் இல்லாத மூன்றாவது நகர்த்தலை, ஒரு நிமிடம்கூடப் பார்க்காமல், ஆடிவிடுகிறோம். வரைபடத்தில் அந்த மூன்றாவது நகர்த்தலுக்கு ஒரு மதிப்பு இருக்கும், சில சமயம் அது நல்ல மதிப்பாகவும் இருக்கும். அதற்கு முந்தைய அரைமணி நேரம் எங்கேயும் இருக்காது. ஆனால் எங்கள் நோய் அந்த அரைமணி நேரத்தில்தான் இருக்கிறது.

2014 நவம்பரில் சோச்சியில் கார்ல்சனுக்கும் ஆனந்துக்கும் நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் ஆறாவது ஆட்டம். 26ஆம் நகர்த்தலில் கார்ல்சன் ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினார். ஆனந்த் தன் குதிரையால் நடுச்சிப்பாயை வெட்டியிருக்கலாம். குதிரை விலகியதும் இரு தரப்பு யானைகளும் நேருக்கு நேர் நிற்கும். கார்ல்சன் யானையை வெட்டினால், குதிரை இன்னொரு சிப்பாயைச் செக்கோடு வெட்டி, மறுபடி ஒரு செக் கொடுத்து, அதற்குப் பிறகு நிதானமாக அந்த யானையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இரண்டு சிப்பாய் லாபம். இன்ஜினோடு பார்த்துக்கொண்டிருந்த உலகம் முழுக்க அந்தக் கணமே கோடு துள்ளியது. ஆனந்த் ஓரச் சிப்பாயை நகர்த்தினார். கோடு பழைய இடத்துக்கே வந்துவிட்டது. ஆட்டத்தையும் கார்ல்சனே வென்றார். கார்ல்சனுக்கு நகர்த்திய உடனே தெரிந்துவிட்டது, ஆனந்துக்கும் தன் நகர்த்தலை ஆடி முடித்த உடனே தெரிந்துவிட்டது. இரண்டு கேள்விக்குறிகளாக வரைபடம் காட்டும் இந்த ஒரு நிமிடத்தை நினைக்க நினைக்க எனக்குத் தீரவில்லை. கணக்குப் போடத் தெரியாமல் தவறவிட்டவை அல்ல இவை. ஆனந்துக்கு அந்த வரிசை ஓர் இமைப்பொழுது வேலை. கார்ல்சன் இப்படி ஒன்றைக் கொடுப்பார் என்ற எண்ணமே அந்தப் பலகையில் இல்லை. இக்கட்டில் இருக்கிறோம், பொறுமையாகத் தற்காக்க வேண்டும் என்ற ஒரு நம்பிக்கை அங்கே உட்கார்ந்திருந்தது; கண் அந்த நம்பிக்கை காட்டிய பக்கமே பார்த்தது. அப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது. ஓரச் சிப்பாயைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்த கணத்தில் அந்தப் பிடி விட்டிருக்கிறது, உடனே எல்லாம் தெரிந்திருக்கிறது. ஆட்டம் என்பது இரண்டு பேர் எதை நம்பிக்கொண்டிருந்தார்கள் என்பதன் கதை. நிலை என்ன என்பது அதற்கு அடியில் ஓடும் இன்னொரு கதை. இன்ஜின் இரண்டாவதைத் துல்லியமாகச் சொல்கிறது.

முதலாவதைச் சொல்ல ஒரு சாட்சி இருந்தார். எதிராளி. ஆட்டம் முடிந்ததும் கைகுலுக்கிவிட்டு, பக்கத்து அறையில் காய்களை மறுபடி அடுக்கி, இரண்டு பேரும் சேர்ந்து அலசுவது எங்களுக்கெல்லாம் ஆட்டத்தின் தொடர்ச்சியாகவே இருந்தது. என்னைவிட இருபது வயதாவது மூத்த ஒருவரோடு ஆடித் தோற்ற பிறகு அப்படி உட்கார்ந்திருந்தோம். நடு ஆட்டத்தில் ஓர் இடத்தில் அவர் காயை நிறுத்தினார். “இங்க நீங்க குதிரையைக் கொண்டுவந்து வெச்சீங்களே தம்பி, எனக்கு உயிரே போயிடுச்சு.” எனக்கு ஆச்சரியமாக இருந்தது. “வேற ஒண்ணும் தோணாமத்தான் சார் வெச்சேன்.” அவர் சிரித்துவிட்டு, அடுத்து நான் எதை ஆடிவிடுவேன் என்று பயந்தாரோ அதை ஆடிக் காட்டினார். அந்த லைன் என் தலைக்குள் வந்ததே இல்லை. பிற்பாடு இன்ஜினில் போட்டுப் பார்த்தபோது அவர் பயந்ததில் ஒன்றுமே இல்லை என்று வந்தது. அங்கேயும் கோடு அசையவில்லை. ஆனால் அவர் அந்தப் பயத்தில் கால்மணி நேரத்தைச் செலவழித்திருந்தார், ராஜாவை ஓரமாக ஒதுக்கியிருந்தார், பிந்தைய ஆட்டம் முழுக்க அந்த ஒதுக்கலிலிருந்தே வந்தது. இன்று அலசல் அறைகளில் கூட்டம் குறைந்துவிட்டது. கைகுலுக்கிய கை நேராகப் பைக்குள் இருக்கும் ஃபோனைத் தேடுகிறது. இருவரும் ஆளுக்கொரு மூலையில் நின்று ஒரே இன்ஜினிடம் ஒரே ஆட்டத்தைக் கேட்கிறார்கள். எதிரே இருந்தவருக்குத்தான் அந்த ஆட்டத்தின் மறுபாதி தெரியும் என்பது இருவருக்கும் மறந்துபோகிறது.

எண்ணைப் பார்த்த பிறகு நினைவு மாறிவிடுகிறது என்பதுதான் இதில் எனக்குப் பெரிய இழப்பு. +2.3 என்று ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால், அந்த நிலையில் நான் நன்றாகத்தான் இருந்தேன் என்று மனம் சாதிக்கத் தொடங்கும். பயந்தது சுருங்கிவிடும், பார்த்ததாக நினைக்கும் லைன்களில் இன்ஜின் காட்டியவையும் கலந்துவிடும். சரியான விடை சீக்கிரம் வந்துவிடுவதால் நேரும் சேதம் இது. அதனால் ஆட்டம் முடிந்த அன்றே, இன்ஜினைத் திறப்பதற்கு முன், நினைவில் இருப்பதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். இங்கே என்ன நினைத்தேன், எதை ஒதுக்கினேன், எதிராளி எதை விரும்புகிறார் என்று ஊகித்தேன் என்று. ஆனால் அந்தக் குறிப்புகளையும் முழுசாக நம்ப முடியவில்லை. நீதிபதி வரப்போகிறார் என்று தெரிந்து எழுதும்போது பேனா ஜாக்கிரதையாகிவிடுகிறது. ‘உறுதியாக நம்பினேன்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ஒருவேளை இருக்கலாம் என்று தோன்றியது’ என்று வருகிறது. ஏன், ஆடும்போதே அந்த நீதிபதி பக்கத்தில் நிற்கிறார். இந்தப் பலியைக் கொடுத்தால் இரவில் கோடு என்ன சொல்லும் என்ற நினைப்பு, கை காய்க்குப் போகும் வழியிலேயே வந்துவிடுகிறது. 1960இல் மாஸ்கோவில் போட்வின்னிக்குக்கு எதிரான உலக சாம்பியன்ஷிப்பின் ஆறாவது ஆட்டத்தில் தால் குதிரையைக் கொடுத்தபோது, அரங்கில் எழுந்த கூச்சலில் ஆட்டத்தையே உள்ளறைக்கு மாற்ற வேண்டியிருந்தது. அந்தப் பலி கணக்குக்கு நிற்காது, ஆனாலும் தால் வென்றார். இன்று ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுவனின் கை அந்தக் குதிரையை நோக்கிப் போகுமா? போகும் என்று சொல்ல எனக்கு ஒரு சாட்சி உண்டு. சென்னையில் குகேஷுக்குப் பயிற்சி அளித்த விஷ்ணு பிரசன்னா, பையன் கிராண்ட்மாஸ்டர் தரத்தை நெருங்கும் வரைக்கும் இன்ஜினை அவன் பக்கம் வரவிடவில்லை. 2019இல் பன்னிரண்டு வயதில் கிராண்ட்மாஸ்டர், 2024 டிசம்பரில் பதினெட்டு வயதில் உலக சாம்பியன். இதிலிருந்து விதி ஒன்றும் எடுத்துவிட முடியாது. இன்ஜினோடே வளர்ந்து உச்சிக்குப் போனவர்கள் அதே தலைமுறையில் எத்தனையோ பேர். ஆனாலும் ஒரு பிள்ளையின் தலைக்குள் முதலில் அதன் சொந்தக் குரல் கேட்க வேண்டும் என்று ஒருவர் துணிந்து காத்திருந்தார் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

என் நோட்டுக் குறிப்புகளையும் இன்ஜினின் விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவந்ததில் ஒன்று மெல்லத் தெரியவந்தது. நான் பயப்பட வேண்டியது சிவப்புக் கேள்விக்குறி விழுந்த நகர்த்தல்களுக்கு அல்ல. பச்சை டிக் விழுந்த சிலவற்றுக்குத்தான். யானையைத் திறந்த வரிசைக்குக் கொண்டுவந்தேன். இன்ஜினும் அதுவே முதல் தேர்வு என்கிறது. நோட்டைப் பார்த்தால், எதிராளியின் பிஷப் தாக்க வரும் என்று நினைத்து அதைச் செய்ததாக எழுதியிருக்கிறேன். அந்தத் தாக்குதல் அங்கே சாத்தியமே இல்லை. என் பிஷப் பயம் மட்டும் நிஜம். விடையை மட்டும் பார்த்து, வழிமுறையைப் பார்க்காமல் முழு மதிப்பெண் போட்டுவிடும் கணக்கு வாத்தியாரைப் போல இன்ஜின் அதைக் கடந்து போயிருக்கிறது. அந்தத் தவறான காரணம் தண்டிக்கப்படாமல், பாராட்டும் வாங்கிக்கொண்டு, எனக்குள் பத்திரமாக இருக்கிறது. வேறொரு நாள் வேறொரு பலகையில் அதே பயம் என்னை அதே மாதிரி நகர்த்தவைக்கும், அன்று அது தோல்வியாகும், வரைபடம் அந்த நாளைக் குறித்துக்கொள்ளும், நானும் அன்றுதான் தவறு செய்தேன் என்று நம்பிவிடுவேன். கோடு அசையாத இடங்கள் என்னை இவ்வளவு காலம் தொந்தரவு செய்ததன் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். என் ஆட்டத்தின் தவறுகளில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது, வளர்கிறது, விளைவு எதுவும் இல்லாமல் காத்திருக்கிறது. நிலை என்ன என்று கேட்க இன்ஜினிடம் தொடர்ந்து போவேன்; அதைவிட நேர்மையான விடை எனக்கு எங்கேயும் கிடைக்காது. அங்கே நான் எதை நம்பிக்கொண்டிருந்தேன் என்பதை நான்தான் சொல்ல வேண்டும், எதிரே இருந்தவரிடமும் கேட்க வேண்டும், அதையும் எண் கண்ணில் படுவதற்கு முன்னால் செய்தாக வேண்டும். அடுத்த சுற்றில் என் எதிரே உட்காரப்போகிறவர் மோதப்போவது இந்த நம்பிக்கைகளோடுதான்.